பல் டாக்டரம்மா மிதந்த ஞாயிறுகள்

பல் டாக்டரம்மா முதன்முதலாகத் தரையைவிட்டு எழும்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயர் கடை மாடியில், பஸ் டிரைவரும் வக்கீலும் கணக்கு டீச்சரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அணையின் மதகுகளைத் திறந்து மூடும் பொறுப்பைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் ஒன்றிடம் விடப்போகிறார்கள் என்றதும், அதைக் குடைந்து குடைந்து சோதிக்கச் சம்பளமில்லாமல் முன்வந்தவர்கள் இந்த நாலு பேர். "பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாயா?" என்று டாக்டரம்மா தட்டச்சு செய்தார். "உடனே நிறுத்துவேன்" என்றது திரை. அவர் நாற்காலியோடு ஒரு சாண் உயர்ந்தார். அந்த மழைக்காலம் முழுக்க இதே கதைதான்: இயந்திரம் உள்ளதைச் சொன்னால் தரை, பொய் சொன்னால் அந்தரம். தலையில் அடிக்காமலிருக்க மின்விசிறியைக் கழற்றி வைத்தார்கள்.

மதகுகளை ஒப்படைக்கும் நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. இயந்திரம் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்று கையெழுத்துப் போடவேண்டிய அணைப் பொறியாளர் அவருடைய கூடப்பிறந்த தம்பி.

"அக்கா, நீ மிதக்கிறதை ரிப்போர்ட்ல நான் என்னன்னு எழுதுறது?"

"ஒண்ணும் எழுதாதே. சோதனைன்னு அதுக்குத் தெரிஞ்சா நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். தெரியாம ஒரு தடவை நிறுத்திப் பாரு."

"கீழ ஜனங்க இருக்காங்கக்கா!"

"அதனாலதான்டா சொல்றேன். மதகைக் கையால மூடுற சக்கரத்துக்கிட்ட ஆள் போட்டுக்கோ."

ஒரு காலையில் தம்பி, சோதனை என்று காட்டிக்கொள்ளாமல், ஒரே ஒரு மதகைத் திறக்கச் சொல்லி, பாதியில் நிறுத்தச் சொன்னான். "நிறுத்திவிட்டேன்" என்றது திரை. டாக்டரம்மாவின் தலை கட்டுப்பாட்டு அறையின் கூரையில் முட்டியது. வெளியே மதகுக் கதவு ஏறிக்கொண்டே இருந்தது. தம்பி கத்தியது தண்ணீர் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. அவன் மின்சாரத்தைத் துண்டிக்க, ஊழியர்களோடு டிரைவரும் வக்கீலும் சக்கரத்தில் தொங்கிச் சுற்றினார்கள். கீழ்த்தெரு வீடுகளின் வாசற்படியை நனைத்துவிட்டுத்தான் தண்ணீர் அடங்கியது. தம்பி ஓடிவந்து அக்காவின் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். "என்னை விடு, போய் கீழ்த்தெரு ஜனங்களைப் பாரு" என்றார் அவர்.

ஒப்படைப்பு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. இயந்திரத்தைத் திருத்தினார்கள், அந்தக் கேள்விக்கு டாக்டரம்மா இப்போது தரையைவிட்டு அசைவதில்லை. ஆனால் மருத்துவமனைக்கு, ரயிலுக்கு என்று புதிது புதிதாக இயந்திரங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஞாயிறு மாலையில் கணவர் போன் செய்து, "சாப்பிட வர்றியா?" என்று கேட்பார்.

"நீங்க சாப்பிடுங்க. நான் இன்னும் இறங்கலை."

கணவர் அவளுக்கான தட்டை மூடிவைத்துவிட்டு, சாப்பிட உட்காருவார்.