இங்கெலா விட்டுக்கொடுத்த கிழமைகள்

இங்கெலாவுக்கு வாரத்தில் ஐந்தே நாட்கள். வியாழனும் ஞாயிறும் இரண்டாம் மாடி ஸ்டூரேயிடம் போய்விட்டன. நீனஸ்ஹம் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒன்பதாம் எண் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரியும், மாடிப்படி விளக்கு கெட்டுப்போயிருப்பது தெரிகிற மாதிரி. அடித்தளத்தில் பொதுச் சலவை அறை. வாசலில் கிழமைகள் எழுதிய பலகை. எந்தக் கிழமையில் நம் சின்னப் பூட்டை மாட்டுகிறோமோ அன்று இயந்திரங்கள் நமக்கு. மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓய்வுபெற்ற சுங்க எழுத்தரான ஸ்டூரே, கம்பளம் துவைக்க வேண்டுமென்று அவளுடைய வியாழனைக் கேட்டார். அவள் யோசிக்கக்கூட இல்லை. "பரவாயில்லை, எடுத்துக்குங்க," என்றாள். அந்த வாரம் புதன்கிழமை படுத்தவள் வெள்ளிக்கிழமை எழுந்தாள். கதவின் கடிதத் துவாரம் வழியாக வியாழனன்று எட்டிப் பார்த்தவர்கள் (யாரென்பது முக்கியமில்லை) கட்டில் விரித்தபடி காலியாக இருந்ததைக் கண்டார்கள். அதே வாரம் ஸ்டூரேவுக்கு அடுத்தடுத்து இரண்டு வியாழன் வந்தன. இங்கெலா தன் பூட்டை ஞாயிறுக்கு மாற்றினாள். அடுத்த வருடம் அதையும் கேட்டார், அதையும் கொடுத்துவிட்டுப் பூட்டைச் சனிக்கு நகர்த்தினாள். அவள் உருளைக்கிழங்கு சீவும் பள்ளிச் சமையலறையில் கொஞ்ச நாள் தேடினார்கள், பிறகு வேலைப் பட்டியலைத் திருத்திக்கொண்டார்கள்.

இப்போது அவர் சனிக்கிழமையைக் கேட்டார். இது மட்டும் முடியாது. இங்கெலாவின் தம்பி டோர்கெல் கோட்லாந்து தீவுக்குப் போகும் கப்பலில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை மட்டும்தான் கரையிறங்குவான். சனி போனால் தம்பியை இனிப் பார்க்கவே முடியாது. ஆனாலும், மாடிப்படியில் நின்று அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆறு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, நூலக மாடியில் செவ்வாய்தோறும் நடக்கும் 'பேரம் பேசுதல்: தொடக்கநிலை' வகுப்பில் சேர்ந்தாள். செவ்வாய் இன்னும் அவள் கையில் இருந்தது.

வகுப்பு நடத்திய ஹில்கா தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் மேசையைத் தட்டியவள். முதல் நாளே தட்டில் மிஞ்சிய ஒற்றை ஏலக்காய் பன்னை வைத்து, யாருக்கு என்று பேசி முடிவெடுங்கள் என்றாள். எட்டு மாணவர்களும் ஒருவருக்கொருவர் அதை விட்டுக்கொடுத்தார்கள். ஆறாவது வாரமும் அது தட்டில்தான் இருந்தது, கல்லாக. "உடனே சரின்னு சொல்லாதீங்க. வேணுங்கறதைச் சொல்லிட்டு வாயை மூடிக்குங்க. எதிராளியால மௌனத்தைத் தாங்கமுடியாது, அவனே இறங்கி வருவான்" என்று அவள் படித்துக் காட்டியது, கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஏதோ புத்தகம்.

ஆறாவது வகுப்புக்கு மறுநாள், புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, சலவை அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். "சனிக்கிழமையைத் தரமுடியாது," என்றாள் இங்கெலா. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஸ்டூரேயும் மூடிக்கொண்டார். நம்மூரில் மௌனம் யாரை என்ன செய்யும்? இயந்திரம் ஒரு சுற்றுத் துணியைத் துவைத்து, அலசி, பிழிந்து நின்றது. அவர் சௌகரியமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரை மணிக்கு இங்கெலாவுக்குக் கால் மரத்துப்போனது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள். வழக்கமான 'பரவாயில்லை' தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கியதில் வேறொன்று வெளியே வந்தது.

"எதுக்கு ஸ்டூரே உங்களுக்கு இத்தனை துவைக்கற நாள்?"

"எனக்கு வாரத்துக்கு ஒன்பது நாள் இல்லையா? ஒன்பது நாள் அழுக்குத்துணி சேருதே." அவர் தன் துணிக்கூடையைக் காலால் தள்ளினார். "வியாழன்னா பட்டாணி சூப்புங்கறது ஊர் வழக்கம் வேற. ரெண்டு வியாழன், ரெண்டு சூப்பு. வயித்தைக் கேளுங்க, அழும்."

"அப்போ வியாழனைத் திருப்பித் தரவேண்டியதுதானே?"

"நீங்க கேக்கவே இல்லையே. கொடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுக்கறது? மரியாதையா இருக்காதேன்னு பாத்தேன்."

மூன்று வருடங்கள்! இங்கெலாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு. "வியாழனைக் குடுங்க. அழுக்கு குறையும், சனிக்கிழமை உங்களுக்குத் தேவைப்படாது. ஞாயிறையும் குடுத்தா நல்லது," என்றாள்.

ஞாயிறு என்றதும் அவர் காது சிவந்தது. வாராவாரம் தன் இரண்டாவது ஞாயிறில் அவர் பக்கத்துப் படிக்கட்டில் குடியிருக்கும் ஆஸ்ட்ரிடுடன் காப்பி குடிப்பது நமக்குத் தெரியும். அவளுக்கும் அன்றுதான் ஒரு நாள் உபரி. அது யாரிடமிருந்து வந்தது என்பது தனிக் கதை. "அது மட்டும் வேணாமே, இங்கெலா," என்றார். இங்கெலா கொஞ்ச நேரம் யோசித்தாள். உடனே சரி என்று சொல்லவில்லை. பிறகு சொன்னாள்.

பூட்டு வியாழனுக்குப் போனது. திரும்பி வந்த முதல் வியாழனன்று அவள் வேலைக்குப் போகவில்லை, துவைக்கவுமில்லை. காலையிலிருந்து நாற்காலியில் சும்மா இருந்தாள். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் குறிப்பில், சைக்கிள் கொட்டகைக் கூரையின் ஓட்டை பற்றிய வரிக்குக் கீழே, 'மூன்றாம் வீடு, இங்கெலா: ஆறு நாட்கள்' என்று எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை டோர்கெல் வந்தான். "என்னக்கா, ஆறுலயே நின்னுட்டே? ஏழாவதையும் பிடுங்கியிருக்கலாமே?"

"நீ சாப்பிடு. எனக்கு இதுவே களைப்பா இருக்கு," என்றாள்.

மாலையில் அவனைக் கப்பலேற்றிவிட்டு வந்து படுத்தாள். எழுந்தபோது திங்கள்கிழமை.