வண்டி திரும்பும் இடம்

பெரிய டிராக்டர் லாரியிலிருந்து இறங்கும்போதே அன்புச்செல்வி இரண்டடி பின்னால் போனாள். பங்காருப்பேட்டை ஷோரூம்காரன் விநாயக் இரண்டு இரும்புப் பலகைகளைச் சாய்த்துப் போட்டு, அங்குலம் அங்குலமாக அதைப் பின்பக்கம் இறக்கினான். பின்சக்கரமே அவள் தோள் உயரம் இருந்தது. பலகைகள் வளைந்து முனகின. அடுத்து இறங்கிய சின்ன வண்டிக்கு அவை முனகவும் இல்லை, வளையவும் இல்லை.

"இத்தப் பாத்தா வண்டி மாதிரி கீது. அத்தப் பாத்தா வண்டியோட புள்ள மாதிரி கீது" என்றான் அவள் புருஷன் ரத்தினம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெருமாள் சத்தம் போட்டுச் சிரித்தான். நிலத்தை விற்றவன் அவன்தான். விற்று முடித்தும் வேலியைவிட்டு நகராமல் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு.

பழைய தங்கச் சுரங்கப் பகுதியான பாலகாட்டைத் தாண்டி, ரோட்டுக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர். பாதியில் மாமரங்கள் வரிசையாக நின்றன. மீதியில் கேழ்வரகும் தக்காளியும் போடலாம். சுரங்கத்தை மூடிய பிறகு இருபது வருஷம் இருவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடினார்கள். அவன் ஒரு கம்பெனி வாசலில் காவல் நின்றான். அவள் தையல் மெஷினில் காலர் வைத்தாள். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் இந்த நிலம். இந்த நிலத்துக்கு எந்த வண்டி என்பதில் மூன்று மாதமாக வீட்டில் ஒரே ரகளை. நாற்பத்தைந்து ஹெச்பி என்பான் அவன். இருபத்தொன்று போதும் என்பாள் அவள். சோறு போடும்போது ஆரம்பிக்கும் பேச்சு, கை காய்ந்த பிறகும் முடியாது.

அவள் கணக்கு வேறு. போன மழைக்காலத்தில் நிலத்து நீரெல்லாம் வடக்கு மூலைக்கு ஓடியதை அவள் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். மறுநாள் காலையில் போனால் அங்கே ஒரு குட்டை தேங்கியிருக்க வேண்டும். சேறுகூட இல்லை. அவ்வளவு தண்ணீரையும் மண் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கிடந்தது. இது எப்பேர்ப்பட்ட மூலை என்று அன்றிலிருந்தே அவளுக்குப் பயம்.

சொன்னாள். ஒருமுறை இல்லை, பத்துமுறை சொன்னாள்.

"பன்னெண்டு வருஷம் கீழ எறங்குனவன்மே நானு" என்பான் ரத்தினம். "எங்க ஓட்ட கீது, எங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா? ரீஃப் ரோட்டுக்கு அந்தாண்ட போவுது. பிளான்ல என் கண்ணால பாத்திருக்கேன். இந்தப் பக்கம் ஒரு எலி வளகூட இல்ல."

சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கே வருகிற நம்பிக்கை இது. தங்கம் ஓடும் பாறைதான் ரீஃப். அது போகும் வழியெல்லாம் கம்பெனி வரைபடத்தில் இருக்கும். வரைபடத்தில் இல்லாத குழி பூமியிலும் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். வரைபடம் போடும் கம்பெனி வருவதற்கு முன்னால் யார் யாரோ ஆசைப்பட்டுத் தோண்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், மேலே மரத்தைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனதை எந்தத் தாளில் எழுதிவைப்பார்கள்? கீழே இறங்காத அன்புச்செல்விக்கு இது புரிந்தது. இறங்கியவனுக்குப் புரியவில்லை.

"இன்னிக்கு ஓட்டிப் பாக்கறப்ப அந்த மூலைக்கு மட்டும் போவாதீங்க" என்றாள்.

"சரிம்மே, சரி. போவல."

விநாயக் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துச் சக்கரத்தடியில் வைக்கப் போனான். ரத்தினம் கையைக் காட்டித் தடுத்தான். "நாங்க பௌத்தருங்கப்பா. பழத்த வெச்சுக்க, ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்." பெருமாள் மறுபடி சிரித்தான். அன்புச்செல்விக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சின்ன வண்டியை முதலில் அவளே ஓட்டினாள். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கை. விநாயக் பக்கத்தில் நடந்துகொண்டே கிளட்சைச் சொல்லிக்கொடுத்தான். மாமரத்துக்கு நடுவே கிளைகளில் உரசாமல் போயிற்று. வரிசை முடிந்த இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தாள். கட்டிலைச் சுற்றித் திரும்புவதுபோல வண்டி அடுத்த வரிசைக்குள் வந்துவிட்டது. பின்னால் மாட்டியிருந்த ரொட்டவேட்டரின் சுழல் கத்திகள் மண்ணைப் பொலபொலவென்று கிளறிப் போட்டிருந்தன. ரவையைக் கொட்டியதுபோல.

"நோடி மேடம், எஷ்டு ஈஸி, பாருங்க எவ்ளோ சுலபம்" என்றான் விநாயக். "ரெண்டு ஏக்கராவுக்கு இதே ஜாஸ்தி. பெருசு வாங்கினா டீசல்தான் குடிக்கும். உங்க மரத்துக்கு நடுவுல திரும்பவே திரும்பாது. பெருச வித்தா எனக்குத்தான் லாபம். ஆனா உண்மையச் சொல்லணுமில்ல?"

இப்படியும் ஒரு வியாபாரியா என்று அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ரத்தினத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. நேராகப் போய்ப் பெரிய வண்டியில் ஏறினான். ஏறி உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த உயரத்திலிருந்து வேலியையும் பெருமாளையும் ரோட்டையும் ஒரு பார்வை பார்த்தான். அவன் அப்படிப் பார்த்து அவள் கண்டதே இல்லை. ஒரு நொடி, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூட நினைத்துவிட்டாள்.

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. கிளைகள் படபடவென்று முறிந்தன. ரொட்டவேட்டரோடு சேர்த்து இரண்டரை டன். முன்சக்கரம் போன தடம் கையகல ஆழம் பதிந்தது. சின்ன வண்டியை விட்டு இறங்கி லாரிப் பக்கம் நின்றவள் அந்தத் தடத்தையே பார்த்தாள்.

வரிசை முடிந்தது. ரத்தினம் ஸ்டியரிங்கை ஒடித்தான். சின்னது திரும்பிய இடத்தில் பெரியது எங்கே திரும்பும்? மூக்கு வேலிக்கு நேராக நின்றது. பின்னால் வந்து மறுபடி ஒடித்துப் பார்த்தான். மரம் இடித்தது.

"அகலமா வாங்கி ஒடிங்கண்ணே!" என்று கத்தினான் பெருமாள். "வடக்கால போயி ஒரு சுத்து சுத்தி வாங்க! எடம் கீதில்ல!"

இடம் இருந்தது. அந்த மூலை ஒன்றுதான் வெட்டவெளியாக இருந்தது. பெரிய வண்டி திரும்ப வேண்டுமென்றால் அந்த இடத்தைவிட்டால் வேறு இல்லை. ரத்தினம் அவளுக்குக் கொடுத்த வாக்கை மறந்தானோ, பெருமாள் எதிரில் பின்வாங்க வெட்கப்பட்டானோ, வண்டியை வடக்கே விட்டான்.

"ஏங்க! அங்க வேணாங்க! நிறுத்துங்க!"

கத்தினாள். கையை ஆட்டினாள். விநாயக்கும் கத்தினான். இன்ஜின் சத்தத்தில் எதுவும் ஏறவில்லை. ரத்தினத்தின் முதுகுதான் தெரிந்தது. ஓடினால் எண்பது கெஜம். அவள் போய்ச் சேருவதற்குள் வண்டி அங்கே போய்விடும். மூலைக்கு இன்னும் முப்பது அடி. இருபத்தைந்து. அவளுக்கு உலகமே கையைவிட்டுப் போவதுபோல இருந்தது.

லாரியடியில் வீல் ஸ்பானர் கிடந்தது. குனிந்து எடுத்தாள். சாய்ந்திருந்த இரும்புப் பலகையின் மேல் பலமெல்லாம் திரட்டி ஒரே ஒரு அடி அடித்தாள்.

*டங்.*

அன்புச்செல்வியின் அப்பா தம்மபாலன் ஊரிகம் ஷாஃப்ட் என்ற சுரங்கக் கிணற்றில் மணி அடித்த ஆள். ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டைக் கேஜ் என்பார்கள். அது ஓடுவதும் நிற்பதும் மணி அடிக்கும் எண்ணிக்கையில்தான். ஓடும் கேஜுக்கு ஒரு மணி என்றால் நில். எதற்கு, ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டு மணி என்றால் கீழே இறக்கு. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தாலாட்டோடு சேர்ந்து வந்தது. கீழே போய் வந்தவனுக்கோ எலும்பில் இறங்கியிருந்தது.

கை மறுபடி ஓங்கியது. பதறிய கை சும்மா இருக்குமா? அடி அடி என்று துடித்தது. இரண்டாவது அடித்தால் அர்த்தமே மாறிப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் வலது கையைப் பிடித்து ஸ்பானரைக் கீழே அமுக்கினாள்.

அங்கே ரத்தினத்தின் கால் அவனைக் கேட்காமல் பிரேக்கை மிதித்தது.

வண்டி குலுங்கி நின்றது. ஏன் நிறுத்தினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து முன்னால் பார்த்தான். அவன் பார்த்த விதத்திலேயே அன்புச்செல்விக்குப் புரிந்துவிட்டது. இடது முன்சக்கரத்தின் அடியில் மண் இறங்கிக்கொண்டிருந்தது. சல்லடையில் மாவு இறங்குவதுபோல, அவசரமே இல்லாமல், சத்தமே இல்லாமல்.

"எறங்காதீங்க சார்!" விநாயக் ஓடிக்கொண்டே கத்தினான். "குதிச்சா அதிரும்! ரொட்டவேட்டரத் தூக்குங்க, வெயிட்டு பின்னாடி வரும்! தூக்கிட்டு ரிவர்ஸ் எடுங்க, மெல்ல!"

ரத்தினத்துக்குக் கேட்டதோ இல்லையோ, கை லீவரைத் தேடியது. முதலில் தவறான லீவர். பிறகு சரியானது. ரொட்டவேட்டர் மண்ணை உதறிக்கொண்டு எழுந்தது. முன்சக்கரம் இன்னும் ஒரு சாண் இறங்கியது. விநாயக்கின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அன்புச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள். தன் காலடி அதிர்ச்சிகூட அங்கே எட்டிவிடுமோ என்று பயம். "போயிடாதய்யா" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவனை ஒருமையில் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ரிவர்ஸ் விழுந்தது. பின்சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது, பிறகு பிடித்தது. முன்சக்கரம் விளிம்பில் ஏறி, சறுக்கி, மறுபடி ஏறி வெளியே வந்தது. வண்டி பத்தடி, இருபதடி, முப்பதடி பின்னால் வந்தது. அது நின்ற இடத்தில் தரை ஒரு பெருமூச்சு விட்டதுபோல உள்ளே போயிற்று. கட்டில் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பள்ளம். விளிம்பில் மக்கிய மரக்கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

ரத்தினம் இன்ஜினை அணைத்து இறங்கினான். ஒரு கல்லை எடுத்துத் தூரத்திலிருந்தே பள்ளத்துக்குள் வீசினான். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எங்கோ ஆழத்தில் தண்ணீர் சத்தம் கேட்டது.

"நூறு அடிக்கு மேல கீது" என்றான். குரல் காற்றுப் போனதுபோல வந்தது.

பெருமாள் வேலியைத் தாண்டி வந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. எங்கப்பா மாடு பூட்டி இந்த மூலையெல்லாம் ஓட்டுச்சு. ஒன்னும் ஆவலியே."

"மாடு எவ்ளோ வெயிட்டு, இது எவ்ளோ வெயிட்டு?" என்று கேட்டாள் அன்புச்செல்வி. அவன்மேல் கோபம் இல்லை அவளுக்கு. இருந்த கோபமெல்லாம் வேறொருவன்மேல் இருந்தது.

அந்த வேறொருவன் உழுத மண்ணில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவள் எதிரில் போய் நின்றாள்.

"போவலன்னு சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"இன்னாத்துக்குப் போனீங்க? பெருமாள் அண்ணா சிரிச்சிடுவாருன்னா?"

அவன் நிமிரவில்லை. "இருவது வருசம் கேட்டாண்ட நின்னேன்மே. வர்ற காருக்கெல்லாம் சல்யூட்டு. ஒவ்வொருத்தனும் உள்ள ஒக்காந்துக்கினு போவான், என்ன நிமிந்துகூட பாக்க மாட்டான். ஒரு தபா ஒசரமா ஒக்காந்து நானும் நாலு பேரப் பாக்கணும்னு இருந்துச்சு. வேற ஒன்னுமில்ல."

இதை மூன்று மாதத்தில் ஒருநாள் சொல்லியிருந்தால் அவள் எத்தனை சண்டையை விட்டுக்கொடுத்திருப்பாள்! ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ஓங்கி ஓர் அறை கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அவன் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

விநாயக் தயங்கித் தயங்கி வந்தான். "சார், ரெண்டு வண்டியும் ஏத்திடட்டுமா? இன்னொரு நாள் பேசலாம்."

"பெருச ஏத்துப்பா" என்றான் ரத்தினம். "சின்னது இங்கயே இருக்கட்டும்."

எழுந்து போய், கொட்டகையிலிருந்து கடப்பாறையை எடுத்து வந்தான். சுரங்கத்தில் ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்திலும் தலைக்குமேல் இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். கிண்ணென்றால் நிற்கலாம். டொப்பென்றால் ஓட வேண்டும். பன்னிரண்டு வருஷம் கூரையைத் தட்டிய ஆள் இப்போது தரைக்கு வந்திருந்தான்.

"நீ வண்டியில ஏறு" என்றான். "நான் முன்னால தட்டிக்கினே போறேன். கையக் காட்னா மட்டும் வா. காட்டலன்னா நான் கூப்ட்டாக்கூட வராத."

அவள் ஏறினாள். பெரிய வண்டி பலகையில் முனகிக்கொண்டு லாரிக்குத் திரும்பியது. ரத்தினம் முதல் மரத்தடியில் கடப்பாறையைத் தூக்கிப் போட்டான். தலையைச் சாய்த்துக் கேட்டான். ஓரடி தள்ளி மறுபடி போட்டான், மறுபடி கேட்டான். பெருமாள் சிரிக்கவில்லை. அன்புச்செல்விக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அவன் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினான். அவள் கிளட்சை மெல்ல விட்டாள்.