அப்ரெஹெத் ஊற்றாத மூன்றாவது காப்பி

அப்ரெஹெத்தின் வீட்டில், படுக்கையறையில் 2002ஆம் வருஷமும் அடுக்களையில் 1994ஆம் வருஷமும் நடந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு வாசற்படிதான். மாய் அட்கியில் இருக்கிற எங்களுக்கு இரண்டு நாள்காட்டி புதிதல்ல. வடக்கே எரித்திரியாவின் அலுவலகங்களில் ஒரு கணக்கு. தெற்கே எத்தியோப்பியாவில் அதைவிட ஏழு வருஷம் எட்டு மாதம் பத்து நாள் பின்தங்கிய கணக்கு. எந்தக் காகிதமானாலும் ஒரு வருஷத்தை எழுதி, 'மாலெத்' என்று போட்டு, மற்ற வருஷத்தையும் எழுதிவிடுவோம். மாலெத் என்றால் 'அதாவது'. எங்கள் ஆட்கள் மூச்சுக்கு மூச்சு சொல்கிற சொல். அதற்கென்று ஒரு வேலை இருக்கிறதென்று யாரும் நினைத்ததில்லை. சண்டை ஓய்ந்து, தூர தேசத்தில் நீதிபதிகள் உட்கார்ந்து எல்லைக் கோட்டை முடிவு செய்து, அளக்கிறவர்கள் வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு வந்திறங்கிய அன்று, கையெழுத்துப் போட வந்த இரண்டு தரப்பு அதிகாரிகளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவன் வருஷம் என் காகிதத்தில் எதற்கு என்று இவரும், இவர் வருஷம் எனக்கெதற்கு என்று அவரும், ஆளுக்கொரு பேனாவால் மாலெத்தோடு சேர்த்து அடித்துவிட்டார்கள். எங்கள் ஊர்த் தலைவர் பக்கத்தில் நின்று, நல்லவேளை அடிதடி இல்லாமல் முடிந்தது என்று தலையாட்டினார். இரண்டு வருஷமும் ஒன்றுதான் என்று சொல்ல அதற்குப் பிறகு ஒரு சொல்லும் மிச்சமில்லை.

முதலில் போனது ஒரு சேவல். சிந்திய சோளத்தைக் கொத்திக்கொண்டே பெயின்ட் கோட்டைத் தாண்டியது. தாண்டிய பக்கத்தில் சேவல் இல்லை, ஒரு இறகுகூட இல்லை. அடுத்து ஆடுகள். பிறகுதான் கணக்குப் புரிந்தது. தெற்கே அடி வைத்தால் உடம்பில் ஏழு வருஷம் எட்டு மாதம் பத்து நாள் குறைகிறது; அத்தனை வயது ஆகாத உயிருக்குக் குறைய ஒன்றுமில்லாததால் உயிரே இல்லாமல் போகிறது. வடக்கே திரும்பினால் குறைந்தது ஏறிக்கொள்ளும், ஆனால் இல்லாமல் போனது எப்படித் திரும்பும்? கிழவர்கள் சிலர் பல்வலி வந்தால் தெற்கே போய் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் பல்லே புதுசுப்பா" என்று இளித்தார்கள். செகெரெதாவின் இரண்டு வயதுப் பையன் பந்து பின்னால் ஓடிய நாளிலிருந்து யாரும் இளிக்கவில்லை. பந்து மட்டும் அந்தப் பக்கம் வெகு நேரம் உருண்டது. அழித்த சொல்லைத் திரும்ப எழுதித் தாருங்கள் என்று ஊரே போய்க் கேட்டது. எழுதலாம், ஆனால் இரண்டு நாட்டுக்காரரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்றார்கள். அவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதை நிறுத்தி நாளாகியிருந்தது.

அப்ரெஹெத்துக்கு அப்போது முப்பத்தொரு வயது. புருஷன் சண்டையின் கடைசி மாதத்தில் பதுங்குகுழியில் செத்துப்போனான். மிச்சம் இருந்தது நாலு வயது லுவாம். கோடு அவள் வீட்டு வாசற்படி வழியே போனதால், சமைக்கப் போகும்போதெல்லாம் அப்ரெஹெத்துக்கு இருபத்து மூன்று ஆகிவிடும். வயிற்றைத் தடவிப் பார்ப்பாள், பிள்ளை பெற்ற வரி ஒன்றும் இருக்காது, பயத்தில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து மகளைத் தொட்டுப் பார்ப்பாள். நெட்செலா என்கிற வெள்ளைப் போர்வையால் லுவாமின் இடுப்பைக் கட்டிலோடு கட்டிவைத்தாள். "அம்மா, அங்க வரட்டா?" என்று அது கேட்கும்போது இவள் கரண்டியை வாசற்படிக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்பாள்.

அந்த ஆகஸ்டில் உத்தரவு வந்தது. அடுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஆள். அப்ரெஹெத்தின் அடுப்பு தெற்கே, ஆகவே படுக்கையறையைக் காலி செய்துவிட்டுத் தெற்கே போக வேண்டும். வடக்கே நழுவலாமென்றால் வழியெல்லாம் கண்ணிவெடி. பாதை தெரிந்தது ராணுவ வண்டிக்குத்தான், அதில் தெற்கத்தியரை ஏற்றக் கூடாது. காலி செய்விக்க வந்தவன் மெப்ராதூ என்கிற இருபத்து நாலு வயது வடக்கத்திய லெப்டினன்ட். வந்தவனுக்குக் காப்பி தராமல் அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. காப்பி என்றால் மூன்று சுற்று. மூன்றாவதற்குப் பெயர் பெரெக்கா, ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் எழுந்தால் எழுந்தவன் வீட்டில் சாவு விழும். அதைக் குடிக்கும்வரை வந்த காரியத்தைக் கையில் எடுக்கக் கூடாது. அப்ரெஹெத் படுக்கையறையிலேயே கரிச்சட்டியை வைத்துக் கொட்டையை வறுத்தாள், இடித்தாள், முதல் சுற்றை ஊற்றினாள், இரண்டாவதை ஊற்றினாள். மூன்றாவதற்குத் தண்ணீர் விட்டு மண் கூஜாவைக் கரியின்மேல் வைத்தாள். கரியை ஊதிவிடாமல் அங்கேயே வைத்துவிட்டாள்.

மெப்ராதூ மூன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் தேடி வரவில்லை. அவனுடைய படையில் சேர்ந்தவனுக்குத் திரும்பும் தேதி என்று ஒன்று கிடையாது. தாடி மார்புக்கு இறங்கியது. லுவாமுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான், பேன் பார்த்துவிட்டான், கூரை ஒழுகினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பால் ஓலையைத் தள்ளிவிட்டான்.

"அக்கா, கொதிச்சுதா?"

"இன்னும் இல்ல தம்பி."

"உங்க காப்பி கொதிக்கறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும்க்கா."

"வரட்டுமே. அதையும் இங்கயே உக்காந்து வாங்கிக்க."

அவள் ஏன் கொதிக்க விடவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது மகளின் பிறந்த நாள். சண்டை தொடங்கிய வருஷம், குண்டுக்குப் பயந்து ஓடும்போது ஒரு கள்ளிப் புதருக்குப் பின்னால் பெற்றாள். அன்று மிக்கேல் சம்மனசின் நாள் என்று மட்டும் நினைவு. தூரத்துக் கோயிலில் மேளம் அடித்தார்கள். மிக்கேல் நாள் மாதாமாதம் வரும். அது கின்போத் மாதமா, அடுத்த மாதம் சேனேயா? கின்போத் என்றால் 2006 ஜனவரி முடிவில் லுவாமுக்கு ஏழு வருஷம் எட்டு மாதம் பத்து நாள் நிறையும். சேனே என்றால் மார்ச் பிறக்க வேண்டும். எதற்கும் ஏப்ரல் வரை இழுப்போம் என்று போர்வை நுனியில் முடிச்சுப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி முதல் தேதி, ஒரு பகல். அப்ரெஹெத் அடுக்களையில் இஞ்செரா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். ரோந்து போன சிப்பாய் ஒருவன் ஜன்னல் வழியே, "மெப்ராதூ, உங்கம்மா படுத்த படுக்கையா கிடக்காங்களாம்டா" என்று சொல்லிவிட்டுப் போனான். மெப்ராதூ முகத்தைத் தாடிக்குள் புதைத்துக்கொண்டு அழுதான். லுவாமுக்குப் பொறுக்கவில்லை. மூன்றரை வருஷமாகக் கரியின்மேல் இருந்த கூஜாவை இரண்டு கையாலும் தூக்கி, அவன் கிண்ணத்தில் ஊற்றி, பெரியவர்கள் சொல்வது போலவே, "பெரெக்கா மாமா, குடிங்க, அம்மாகிட்ட போங்க" என்றது.

தட்டோடு வந்த அப்ரெஹெத் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, என்னடி பண்ணிட்ட!"

மெப்ராதூ கிண்ணத்தை வாயில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டான். "நான் கேக்கலக்கா. சத்தியமா கேக்கல. ஊத்தின பெரெக்காவ எப்படிக்கா வேணாம்னு சொல்றது?" வெளியே ராணுவ வண்டியின் ஹாரன் கேட்டது, பெரெக்கா ஊற்றியாகிவிட்டால் எங்கள் ஊரில் செய்தி தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மெதுவா குடிக்கறேன்க்கா. ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம். நீங்க யோசிச்சுக்குங்க." மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை அந்தச் சின்னக் கிண்ணத்தை அவன் குடித்தான். யோசித்து என்ன செய்ய? கின்போத்தா, சேனேயா, கோயில் மேளம் எப்படி அடித்தது, மழை இருந்ததா என்று அவள் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசி வாய் மிச்சமிருக்கும்போது லுவாமைத் தூக்கி மார்போடு அணைத்துப் போர்வையால் இறுகச் சுற்றினாள். "இறுக்காதம்மா, மூச்சு முட்டுது" என்றது லுவாம். வாசற்படியைத் தாண்டும்போது அப்ரெஹெத் கண்ணை மூடிக்கொண்டாள். கையில் இருந்த கனம் சட்டென்று போய்விட்டது. அவள் போட்ட அலறல் எங்கள் வீடுகள்வரை கேட்டது.

நாங்கள் ஓடிப்போனபோது போர்வை அவள் கையில் தொளதொளவென்று கிடந்தது. பிரிக்கச் சொன்னோம், மாட்டேன் என்றாள். உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. பிரித்தால், இன்னும் ஈரம் காயாத, தொப்புள்கொடி தொங்குகிற ஒரு பெண்குழந்தை. கின்போத்துதான். படுக்கையறையில் மெப்ராதூ இல்லை. வண்டி போன புழுதி மட்டும் இருந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் முள்கம்பி சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள், திரும்ப அடி வைத்துக் குறைந்த வயதை ஏற்றிக்கொள்ள வழியில்லை.

அப்ரெஹெத்தின் உடம்பும் பிள்ளை பெற்ற நாளுக்கே திரும்பியிருந்தது, ஆனாலும் பயந்துபோன மார்பில் பால் ஊற ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை ஊர்ப் பெண்கள் ஊட்டினார்கள். அப்ரெஹெத் எல்லாம் செய்தாள், ஆனால் லுவாம் என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. பாப்பா என்பாள். இது அவள்தானா, அவள் இடத்துக்கு வந்த வேறொருத்தியா என்கிற பயத்தில் ராத்திரி பகல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பல் வந்தது, நடை வந்தது, பயம் போகவில்லை. ஒன்றே முக்கால் வருஷம் கழித்து ஒரு காலையில் அவள் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தபோது, அந்த வாசனைக்குக் குழந்தை தள்ளாடித் தள்ளாடி வந்து, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அதுவரை ஒரு சொல் பேசாத வாயால் கேட்டது:

"அம்மா, அந்த மாமா மூணாவது காப்பியக் குடிச்சு முடிச்சாரா?"

"குடிச்சு முடிச்சாருடி" என்றாள் அப்ரெஹெத். "கிண்ணத்தக் கவுத்து வெச்சுட்டுத்தான் போனாரு, லுவாம்."