லிவர்பூலுக்குப் போன கோடை

அம்ப்ரோஸ் டக்கெட் செய்த நான்காவது காரின் கான்வாஸ் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளினால், அதன் இருக்கைகளின் மேல் ஜூன் மாதத்து மாலை ஆறு மணி வெயில் அடிக்கும். வெளியே எந்த மாதம், எத்தனை மணி என்பதை அது பொருட்படுத்துவதில்லை. இது முதலில் தெரியவந்தது 1948 நவம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வெல்பரி ஊரில் அன்று காலையிலிருந்தே தூறல். ஆள் வராமல் மூடிப்போன ஒரு சிறிய தேவாலயத்தில்தான் டக்கெட்டின் பட்டறை இருந்தது. தகடு அடிப்பவரான ஜெத்ரோ பம்ஃப்ரி, கூரையின் கொக்கிகளைச் சரிபார்க்கக் காருக்குள் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது அவருடைய வலது கை முழங்கை வரை சிவந்திருந்தது. தலைமுடியில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. "உள்ள நல்ல வெயில், மிஸ்டர் டக்கெட்" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார்.

போர் முடிந்ததும் ஏழு ஆட்களை வைத்துக்கொண்டு கார் செய்ய இறங்கியவர் அம்ப்ரோஸ். இரும்பு கிடைப்பது அரிதாக இருந்ததால், உடைத்துப்போட்ட போர் விமானங்களின் அலுமினியத்தை வாங்கி, ஆஷ் மரச் சட்டத்தின் மேல் அடித்துப் பொருத்தினார்கள். எஞ்சினை ஒரு பெரிய கம்பெனி அனுப்பியது. முதல் மூன்று கார்களுக்கும் மூடிய கூரை. அவற்றை ஒரு டாக்டரும், ஒரு பீர் ஆலைக்காரரும், ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரும் வாங்கிக்கொண்டார்கள். நான்காவதைத் திறந்த காராக வரைந்தபோது, வருஷத்தில் பாதி நாள் நனையும் ஊரில் இதை யார் வாங்குவார்கள் என்று ஜெத்ரோ கேட்டார். அம்ப்ரோஸ் தொடர்ந்து வரைந்தார். வரைபடத்தில் ஓட்டுநர் இருக்கைக்குக் குறித்திருந்த அளவுகள் அவர் மனைவி ஹெஸ்டருடையவை என்பதை மட்டும் ஜெத்ரோ கவனித்தார்.

ஹெஸ்டர் 1942 மார்ச்சிலிருந்து குளிரில் இருந்தாள். மகன் டெனிஸின் கப்பல் வடகடலில் மூழ்கிவிட்டதாகத் தந்தி வந்த காலையில் அவள் கைகள் சில்லிட்டன. அதன்பின் அவை சூடாகவே இல்லை. ஆகஸ்டிலும் மூன்று கம்பளிச் சட்டைகள் போட்டாள். அவள் பிடித்திருக்கும் தேநீர்க் கோப்பையில் ஐந்து நிமிடத்தில் மெல்லிய பனி படியும். பாதிரியார் அவளுக்காக ஜெபித்தார். மீன்கடைக்காரர், வெப்பம் கூடிய நாட்களில் சிறிது நேரம் தன் கடையில் வந்து நிற்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். அவளும் மறுக்காமல் போய் நின்றாள். மகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவன் பெயர் அந்த வீட்டில் ஏழு வருஷமாகச் சொல்லப்படவில்லை.

ஜெத்ரோவின் கை சிவந்த மறுநாள் அம்ப்ரோஸ் அவளைப் பட்டறைக்கு அழைத்து வந்தார். அவள் வலது பக்கம் ஏறி, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கையுறைகளைக் கழற்றினாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். இடது பக்க இருக்கையில் அவள் கைப்பையைக்கூட வைப்பதில்லை. ஒருமுறை அம்ப்ரோஸ் அதில் உட்காரப் போனார். அவள் உள்ளங்கையை அந்த இருக்கையின் மேல் விரித்து வைத்தாள். அது தனக்கான இடம் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. அதன்பிறகு கார் தேவாலயத்தின் முற்றத்தில் நிற்கும் நாட்களில், அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே தூறலில் நிற்பார். அவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் அவள் கண்களைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் இருப்பாள்.

ஊரும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. அவள் வீட்டுக்குப் போன பிறகு குழந்தைத் துணிகளைப் பின்னிருக்கையில் உலர்த்தினார்கள். இருமல்காரர்கள் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அந்தக் காரின் வெயிலில் நாற்பது தக்காளிகள் பழுத்திருந்தன.

ஜனவரியில் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு மட்டுமே இனி இரும்பு ஒதுக்கப்படும். அதே வாரம் ஆஸ்திரேலியாவிலிருந்து கீத் லாக்கி என்ற ஆட்டுப்பண்ணைக்காரரின் தந்தியும் வந்தது. பத்திரிகையில் படம் பார்த்தாராம். அந்தக் கார்தான் வேண்டுமாம். வேறொன்று செய்து கொடுக்கலாம் என்றால் அடிச்சட்டத்துக்கு இரும்பு இல்லை. இதை அனுப்பினால் பட்டறை நடக்கும், அனுப்பாவிட்டால் ஏழு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆட்கள் தலைகுனிந்து வேலையைப் பார்த்தார்கள். அம்ப்ரோஸ் மறுப்புக் கடிதம் எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எட்டு நாள் திரிந்தார்.

ஒன்பதாம் நாள் ஹெஸ்டர் காருக்குள்ளிருந்தபடியே கேட்டாள். "அந்த ஆஸ்திரேலியாக்காரருக்கு என்ன எழுதினே?"

"கார் விற்பனைக்கு இல்லன்னு."

"இன்னும் தபால்ல போடலியே. உன் கோட்டுல பாத்தேன்."

அம்ப்ரோஸ் குடையை மடக்கினார். மழை நிற்கவில்லை. "நீ மறுபடியும் உறைஞ்சு போறத என்னால பாக்க முடியாது, ஹெஸ்டர். ஏழு வருஷம் பாத்தாச்சு."

"நான் ஏழு வருஷம் வெறைச்சதுக்காக ஏழு குடும்பமும் சேந்து வெறைக்கணுமா?" அவள் கையுறைகளை மடியில் வைத்து நீவினாள். "லிவர்பூல் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போறேன். கப்பல்ல ஏத்திட்டு ரயில்ல வந்துடுவேன்."

"தனியாவா? நானும் வரேன்."

"குண்டு விழுந்தப்ப ஆம்புலன்ஸ் ஓட்டினவ நான். நீ ஓட்டினா பால் வண்டிக் குதிரை முந்திட்டுப் போகும்." பிறகு சற்றுத் தணிந்த குரலில், "இது நான் மட்டும் போக வேண்டிய வழி, அம்ப்ரோஸ்" என்றாள்.

பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம். தங்கள் தக்காளிகளை ஊரைவிட்டு அனுப்புகிறோம் என்று தெரிந்தே, ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கூப்பனாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிப்ரவரி பதினைந்தாம் தேதி காலை, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு ஹெஸ்டர் புறப்பட்டாள். அவள் போன சாலையின் இருபுறமும் வேலிச்செடிகள் பூத்தன. விட்சர்ச் ஊர் வரைக்கும் பத்து நாள் அந்தப் பூ உதிரவில்லை. செஸ்டர் நகருக்கு அருகே ஒரு விவசாயியின் ஆடுகள் காரின் பின்னாலேயே இரண்டு மைல் ஓடின. மெர்ஸி ஆற்றடிச் சுரங்கப்பாதையில் அவளுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர்கள் வெயில் கூசுகிறதென்று கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். ஓட்டிக்கொண்டிருந்த பெண்மணி காலியான பக்கத்து இருக்கையைப் பார்த்து வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனதாக எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் பிற்பகல் அம்ப்ரோஸ் இரண்டு கம்பளிகளோடும் ஒரு வெந்நீர்ப் பையோடும் ரயில் நிலையத்தில் நின்றார். பனி விழுந்துகொண்டிருந்தது. ரயிலிலிருந்து ஹெஸ்டர் பருத்திக் கவுனில் இறங்கினாள். கோட்டைத் துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி ஓட்டுநரின் மனைவிக்குக் கொடுத்துவிட்டாளாம். அம்ப்ரோஸ் கம்பளியை விரிக்க வந்தபோது, அவர் கன்னத்தில் கை வைத்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப் போல அந்தக் கை சூடாக இருந்தது. அவர் வெந்நீர்ப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"டெனிஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள். "ஏழு வருஷத்து ஊர்ச் சேதி விட்சர்ச் தாண்டறதுக்குள்ள தீந்துபோச்சு. மிச்ச வழியெல்லாம் உன்னப் பத்தித்தான்."

"என்னப் பத்தி என்ன சொன்னே?"

"அத உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

அன்றிரவிலிருந்து அந்த வீட்டில் டெனிஸின் பெயர் சாதாரணமாகப் புழங்கியது. அவர்கள் வீட்டுக் கூரையில் பனி தங்கவில்லை. பக்கத்து வீட்டார் நாற்றுத் தொட்டிகளை மதில் ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். இரும்பு வந்தது. 1955 வரை டக்கெட் பட்டறையில் இன்னும் எட்டுக் கார்கள் செய்தார்கள். அவற்றின் கூரையை மடக்கினால் மற்றக் கார்களைப் போலவே நனைந்தன.

கீத் லாக்கியின் கடிதம் ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. கார் பழுதில்லாமல் வந்துவிட்டதாகவும், ஒரே ஒரு விஷயத்தைத் தெரிவிப்பதாகவும் எழுதியிருந்தார். கூரையை மடக்கினால் இருக்கைகளின் மேல் நாள் முழுக்க மெல்லிய தூறல் விழுகிறது, கூடவே நிலக்கரிப் புகை வாசனையும் வருகிறது. எங்கள் பக்கம் மழை பெய்து இரண்டு வருஷமாகிறது. மனைவி பெரில் தினமும் பிற்பகலில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு போய் அதில் உட்காருகிறாள். மழையையே பார்த்திராத குழந்தைகளை அறுபது மைல் தூரத்திலிருந்து அழைத்து வருகிறார்கள். பின்னிருக்கையில் பட்டாணி போட்டிருக்கிறோம், நன்றாக வருகிறது. ஆகவே பழுதுபார்க்க யாரையும் அனுப்ப வேண்டாம். அம்ப்ரோஸ் கடிதத்தை ஹெஸ்டருக்கு இருமுறை படித்துக் காட்டினார். பிறகு உட்கார்ந்து, ஈரத்தில் கூரையின் கீல்கள் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை தவறாமல் எண்ணெய் விடவும் என்று பதில் எழுதினார்.