பொட்டு வைத்த பிளக்

சேர்மன் ஐயாவின் கையிலிருந்த கற்பூரத் தட்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் பிரத்யுஷாவின் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. மணிச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. குனிந்து பார்த்தாள். குவாண்டம் கம்ப்யூட்டர் விடை அனுப்பியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். குவாண்டம் கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனமும் கழுத்தில் செண்டுமல்லி மாலையுமாக, இரு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கரண்ட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் தடித்த பிளக்கைப் பிடுங்கி வாழையிலைமேல் கிடத்தி, அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டிலிருக்கும் அந்தக் கல்லூரிக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து மெஷின் நின்றதே இல்லை. அதைக் குளிரவைக்கும் பம்ப் இரவும் பகலும் டுக், டுக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். 'விண்வெளியைவிடக் குளிர்ச்சி' என்று வாசலில் ஆளுயர பிளெக்ஸ் உண்டு. அந்த வரிக்கு நேர் கீழே சேர்மன் ஐயா சிரித்துக்கொண்டிருப்பதால், குளிர்ச்சி யாருடையது என்பதில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்.

அந்தப் பம்ப்பைத்தான் இன்று காலை நிறுத்தச் சொன்னார். "ஏனுங்க கிருபாசங்கர், இதும் ஒரு வாயில்லாச் சீவன்தானுங்களே. வருசம் பூரா ஓடுது, ஆயுத பூசைக்காச்சும் லீவு உடுங்க. எங்கப்பாரு மில்லுல அத்தனை மெஷினையும் நிறுத்திப்போட்டுத்தான் பொட்டு வெப்பாரு. ஓடற மெஷினுக்குப் பொட்டு வெச்சா சாமி ஏத்துக்காதுங்க."

ஒருமுறை சூடேறினால் பழைய குளிருக்குத் திரும்ப நாட்கணக்கில் ஆகும். நாளைக்கு விஜயதசமி, டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து திறப்புவிழா. கிருபாசங்கர் சார் அவளுடைய ஆராய்ச்சிக்குக் கைடு, இயற்பியல் படித்தவர். நியாயமாக அவர் பிளக்கைக் கட்டிக்கொண்டு குறுக்கே படுத்திருக்க வேண்டும். "ஆகட்டுங்க ஐயா" என்றார்.

அவளுடைய ஆராய்ச்சியே சந்தேகப்படுவதுதான். மெஷின் நிஜமாகவே கணக்குப் போடுகிறதா, போட்டதாகச் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பது. விடை தெரியாத கேள்விகளுக்கு நடுவே விடை தெரிந்த கேள்விகளை ஒளித்து அனுப்ப வேண்டும். எது சோதனை என்று மெஷினுக்குத் தெரியாது. இந்த மாதிரி மெஷின்கள் கொஞ்சம் தடுமாறும், இரைச்சலில் சில விடைகள் பிசகும். இது மட்டும் பிசகியதே இல்லை. வகுப்பில் முதல் மாணவன் மாதிரி எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். நல்ல மெஷின் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். லீவு நாளில் ஓடட்டும் என்று நேற்று சாயங்காலம் வரிசையில் போட்டுவைத்த கேள்விகளை, காலையில் பூஜை அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டாள். இப்போது விடை வந்திருக்கிறது. ஒன்றுகூடத் தப்பில்லை. எங்கேயோ ஒரு சாதாரண கம்ப்யூட்டர், பெயர் போடாமல், இதற்காகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது.

பூசணிக்காய் உடைந்த சத்தத்தில் திடுக்கிட்டாள்.

அவளுக்கு முன்னால் இந்த மெஷினைச் சோதித்தவன் கிஷன். ஒருநாள் சந்தேகம் ஒன்று கேட்டானாம். இப்போது கொடுமுடியில் டியூஷன் எடுக்கிறான், அவனுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் இன்னும் இங்கே ஆபீஸ் பீரோவில் இருக்கின்றன. அதே பீரோவில் அவளுடையதும், பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டிலிருந்து எல்லாமே. கணபதி ஏரியாவில் அப்பா சீனிவாசலு, தன் மோட்டார் பட்டறைக்கு மேலே மகளின் படத்தைப் போட்டு பிளெக்ஸ் கட்டியிருக்கிறார். "சந்தேகப்படறதுக்கு ஒரு டாக்டர் பட்டம், அதுக்கு மாசாமாசம் காசு வேற" என்று மாமா சிரித்ததற்கு, "நம்ம ஊட்டுல அதுக்கு ஆளுக்கா பஞ்சம், பட்டம் வாங்கறது இவ ஒருத்திதான்" என்றார் அப்பா. நாளை மேடையில் அவள் நின்று, சோதித்தாயிற்று என்று சொல்ல வேண்டும். முன்வரிசையில் அப்பா இருப்பார்.

பொரியும் கடலையும் வந்தன. கிருபாசங்கர் சார் ஒரு கப்பை நீட்டினார்.

"ஏம்மா, மொகமே செரியில்லையே?"

"ஒண்ணுமில்லீங்க சார். புகை."

"நாளைக்கு ரெண்டே வார்த்தை. சோதிச்சாச்சு, செரியா இருக்குதுன்னு சொல்லிப்போடு. அதுக்கு மேல சொன்னா ஐயா கை தட்டறதுக்குத் தடுமாறிப்போவாரு."

அவள் சிரிக்க முயன்றாள். "சார், மெஷினு ஆஃப்ல இருக்கறப்போ யாராச்சும் கேள்வி அனுப்புனா என்னங்க சார் ஆகும்?"

அவர் ஒரு கடலையைத் தேடி எடுத்துத் தோலை ஊதினார். "பதில் வராது. வேறென்ன ஆகும்?" மெதுவாக மென்றார். "லீவு நாள்ல யாரு கேள்வி அனுப்பப் போறாங்க, கண்ணு."

இத்தனை மாதத்தில் அவர் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

அவர் நகர்ந்து சேர்மன் ஐயாவிடம் போனார். பம்ப் சத்தம் இல்லாத அந்த ஹாலில் எல்லோரும் பொரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பிரத்யுஷா வாழைக்கன்றின் மறைவுக்கு ஒதுங்கினாள். சற்றுமுன் வந்த விடை நேற்றே தயாராகி, தாமதமாக வந்ததாக இருக்கலாம். நெட் மக்கர் பண்ணியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். இருப்பதிலேயே சின்னக் கேள்வி ஒன்றை எடுத்தாள். காலுக்குப் பக்கத்தில் இலைமேல் பிளக் கிடந்தது, குங்குமம் லேசாக உதிர்ந்திருந்தது. அனுப்பினாள்.

வரக்கூடாது சாமி. அன்றைய பூஜையில் அவள் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

போன் அதிர்ந்தது.

அதே நொடியில், ஹாலின் அந்தக் கோடியில், கிருபாசங்கர் சாரின் வெள்ளைச் சட்டைப் பையில் துணிக்குள்ளிருந்து நீலமாக ஒரு வெளிச்சம் எழுந்தது. சேர்மன் ஐயா ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சாரும் சிரித்தபடியேதான் இருந்தார். போனை எடுத்துப் பார்க்கவில்லை. கையில் பொரிக் கப்போடு, வாழைக்கன்று இருக்கும் பக்கமாக மெல்லத் திரும்பினார். நெஞ்சில் அந்த வெளிச்சம் இன்னும் அணையாமல் இருந்தது.