அக்கா உட்கார்ந்திருக்கிறாள்

1

இந்தக் கதை என் அலுப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணவரைப் பிரிந்ததிலிருந்து, மூன்று வருடமாக, அக்கா தினமும் மாலை ஆறு மணிக்கு எனக்கு போன் செய்வாள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்பாள். ஒருநாள், "தியானம் பண்ணிப் பாரேன்க்கா" என்றேன். அவள்மீது இருந்த அக்கறையால் சொன்னேன். [பொய். போனை வைப்பதற்காகச் சொன்னேன்.]

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'அமைதி ஒரு நதியைப்போல அவளுக்குள்...' அடித்துவிட்டேன். அக்கா அப்படிப்பட்ட ஆள் இல்லை. டென்டல் லேபில் வேலை. லென்ஸை மாட்டிக்கொண்டு, செயற்கைக் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களை ஒவ்வொன்றாகச் செதுக்குபவள். அதே கறாரோடு தினமும் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்தாள். இரண்டு மாதத்தில் தூக்கம் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது.

"கவலை வராம இல்லடா. வருது, அது பாட்டுக்குப் போயிடுது" என்றாள்.

போன் வருவது குறைந்தது. நான் நிம்மதியாக எழுதினேன். இங்கேயே முடித்திருந்தால் இது ஏதோ பயிற்சி வகுப்பின் நோட்டீஸாகியிருக்கும்.

3

பிறகு பத்து நாள் மௌன தியான முகாமுக்குப் போனாள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். ஆறாம் நாள், மடியில் கிடந்த கைகள் தன்னுடையவை இல்லை என்று தோன்றிவிட்டது. பயந்துபோய்ப் பயிற்சியாளரிடம் சொன்னாள்.

"நல்ல அறிகுறிதாம்மா. விடாம உட்காருங்க."

(இவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வராதவர்.)

உட்கார்ந்தாள்.

4

வீடு திரும்பியபின், குளியலறைக் கண்ணாடியில் வேறு யாரோ பல் துலக்கிக்கொண்டிருந்தார்களாம். லேபில் கருவியைப் பிடித்த கை... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவளோடு வேலை செய்பவர் என்னை அழைத்தார்.

"உங்க அக்கா ரெண்டு மணி நேரமா ஒரே பல்லைப் பார்த்துட்டு இருக்காங்க சார். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாங்க."

ஓடினேன். "எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நான் குணமாயிட்டேன்னு சந்தோஷமா இருந்தியேடா. அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். உண்மையில், அவள் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

5

மனநல மருத்துவர் யாரையும் திட்டவில்லை. பலருக்குத் தியானம் கைகொடுக்கிறது, சிலருக்கு அளவு மீறினால் இப்படி ஆவதுண்டு என்றார். தியானத்தை நிறுத்தச் சொல்லி மருந்து கொடுத்தார். அக்கா மெல்ல வேலைக்குத் திரும்பினாள், அரை நாள் மட்டும். ஐந்து மாதம் கழித்து, "அது இல்லாம வீடு ரொம்பப் பெருசா இருக்கு டாக்டர்" என்று சொல்லி அனுமதி கேட்டாள். பத்து நிமிடம் அனுமதித்தார்: கண்ணைத் திறந்தபடி, பக்கத்தில் ஒருவர் இருந்தால் மட்டும்.

6

அந்த ஒருவர் நான். எதிர் நாற்காலியில் அமர்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் நிமிடம், அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு...

நாற்பது வருடமாகப் பார்க்கிற முகம். அது அமைதியா, மறுபடி அந்தப் பக்கம் போகிறாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூப்பிட்டால் அவளுக்கு இருக்கிற ஒரே ஓய்வைக் கலைத்தவனாவேன். கூப்பிடாமல் இருந்து...

அவள் கண்ணைத் திறப்பது ஒன்று, திறக்காதது ஒன்று என இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டே அவளைப் பார்க்க என்னால் முடியாது. பேனாவை மூடுகிறேன்.