என் ஓரகத்தியின் மாத்திரை

என் ஓரகத்தி எனக்கு நான்கு வருடம் பிந்தி இந்த வீட்டுக்கு வந்தவள். நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி ஐந்தாவது வருடத்தில் உண்டானேன். அவள் கல்யாணமான எட்டாவது மாதமே, பல் தேய்க்கும்போது குமட்டுகிறது என்று வந்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது நாள்தான் வித்தியாசம். இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கொண்டேன் என்று மாமியார் இன்றைக்கும் சொல்வார். எனக்கு மேஜையில் மூடி வைத்ததையும், அவளுக்குக் கட்டில்வரை கொண்டுபோய்க் கொடுத்ததையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாங்கள் போன ஆஸ்பத்திரியில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்தது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறி, கைகால் வீங்கி, குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டி வருகிறதே, அதைத் தடுக்க ஒரு புது மாத்திரை. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் பூவா தலையா போட்டு முடிவு செய்துவிடும். டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. பாட்டிலில் ஓர் எண் மட்டும் இருக்கும்.

நான் சேரப்போகிறேன் என்று முந்தின நாள் வீட்டில் வாயைத் திறந்ததுதான் தப்பு. நான் செருப்பு வாங்கினால் அடுத்த வாரம் அதே செருப்பை வாங்குகிறவள் அவள்.

ஆராய்ச்சி நர்ஸ் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தார். "உங்க வீட்ல வேற யாராவது இதுல சேர்ந்திருக்காங்களா? ஒரே வீட்ல ரெண்டு பாட்டில் இருந்தா மாறிடும், அதுக்காகத்தான் கேக்கறோம்."

"இல்லைங்க" என்றேன். வெளியே வந்தால், பக்கத்து அறையிலிருந்து ஓரகத்தி கையில் பாட்டிலோடு வருகிறாள். அம்மா வீட்டு முகவரியைக் கொடுத்து, அதே கேள்விக்கு அவளும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். என் பாட்டில் முப்பத்தொன்று, அவளுடையது நாற்பத்தாறு. உள்ளே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அவளை எடுத்துவிட்டு என்னை வைத்துக்கொள்வார்களா, என்னை எடுத்துவிட்டு அவளை வைத்துக்கொள்வார்களா என்று தெரியாததால் சும்மா இருந்துவிட்டேன்.

முதல் மாதம் முழுக்க எனக்கு நெஞ்செரிச்சல். மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் தொண்டைவரை எரியும். அவளுக்கு ஒன்றுமே இல்லை. முகம் பளபளவென்று, கன்னம் இரண்டும் உப்பி, பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று விசாரித்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இதில் தெளிவாகத் தெரிகிறதா, அதிலா என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. இரண்டு பாட்டில்களையும் பார்க்கும்போது அந்தக் கேள்விதான் ஓடியது. நல்ல மருந்து என்றால் உடம்பு நன்றாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் நிஜ மருந்து போய்ச் சேர்ந்த இடம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது மாத பாட்டில்கள் வந்த அன்று மத்தியானம், சமையலறை அலமாரிமுன் நின்று மாத்திரைகளை மாற்றினேன். பாட்டிலை மாற்றினால் எண் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் என் முப்பது மாத்திரைகளையும் ஒரு கிண்ணத்தில் கொட்டி, அவளுடையதை என் பாட்டிலில் போட்டு, என்னுடையதை அவள் பாட்டிலில் போட்டேன். பஞ்சைத் திருப்பி அடைத்தேன். மாதக் கடைசியில் நர்ஸ் தட்டில் கொட்டி மிச்சத்தை எண்ணுவார். எண்ணிக்கை இம்மி பிசகாமல் இருக்கும்.

அந்த மாதமே அவள் நெஞ்சைத் தடவ ஆரம்பித்தாள். "எரியுதுக்கா" என்றாள். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன். அன்றைக்குக் கடையில் வேலை எனக்கு லேசாக ஓடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் மாற்றினேன். கஷ்டமே இல்லை. அவள் பாட்டில் அலமாரியில் எல்லாவற்றுக்கும் முன்னால், மூடி தளர்ந்தபடி இருக்கும். ஒரு பாட்டிலை ஒழுங்காக மூடக்கூடத் தெரியாதவளுக்கு எல்லாம் தானாக அமைகிறதே என்று வயிறு எரியும்.

எட்டாவது மாத ஆரம்பத்தில் ஒருநாள் எனக்குக் கண்முன் பூச்சி பறந்தது. தலை பிளந்தது. அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற எனக்கு என் கண்ணில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ரத்த அழுத்தம் நூற்றெழுபது. அன்றைக்கே ஆபரேஷன். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோகூட இல்லை. முப்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டியின் ஓட்டைவழியாக ஒரு விரலை விட்டு நான் அவள் காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓரகத்திக்குப் பத்தாவது மாதம் மூன்றேகால் கிலோவில் பையன் பிறந்தான். மாவு மாத்திரையைத் தின்றே அவள் இப்படிப் பெற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். மூன்று வருடம் அதையே நினைத்தேன்.

இப்போது எனக்கு மறுபடியும் ஒன்பது வாரம். போன வாரம் ஆராய்ச்சிக்காரர்களின் கடிதம் வந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறதாம், பலருக்கும் ரத்த அழுத்தம் ஏறாமல் காப்பாற்றியிருக்கிறதாம். கடைசி வரியில் என் விவரம் இருந்தது: எண் முப்பத்தொன்று, நிஜ மருந்து. கூடத்தில் ஓரகத்தி அவள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். "எனக்கு வெறும் மாவுதானாம்."

நான் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் மருந்தை என் கையாலேயே அள்ளி அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். என் பெண்ணின் முப்பது நாளையும் நானே கொடுத்திருக்கிறேன். அப்போதும், அவள் என் மருந்தைத் தின்றுவிட்டாளே என்றுதான் முதலில் அழுகை வந்தது.

இன்று காலை டாக்டரிடம் போனோம். கணவருக்கு வெளியூர் வேலை என்பதால் ஓரகத்தி துணைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா பழைய கோப்பையும் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"போன தடவை பிரஷர் வந்தவங்களுக்கு இப்ப இந்த மாத்திரைதான் தர்றோம். ஆனா நீங்க ஏற்கெனவே எடுத்திருக்கீங்க. எடுத்தும் வந்துடுச்சு. அப்ப இது உங்களுக்குக் கேக்கலைன்னுதான் அர்த்தம். நெஞ்செரிச்சல் வேற இருந்திருக்கு. இந்தத் தடவை வேண்டாம். அடிக்கடி வந்து காட்டுங்க, பாத்துக்கலாம்."

பேனாவை மூடப்போனார். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இதற்கும் கண்ணாடிப் பெட்டிதான். திறந்தால் பக்கத்தில் இருப்பவள் கேட்பாள், சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

"டாக்டர், நான் அந்த மாத்திரையைச் சாப்பிடல" என்றேன். "முதல் மாசம் மட்டும்தான்."

"மிச்சத்தை என்ன செஞ்சீங்க?"

"இவ பாட்டில்ல போட்டுட்டு, இவளோடத நான் எடுத்துக்கிட்டேன். இவளுக்குத்தான் நல்ல மருந்து வந்திருக்குன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் ஓரகத்தி.

நான் நிமிர்ந்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"மொத தடவையே சமையல்கட்டு வாசல்ல நின்னு பாத்தேன். சண்டை போடலாம்னுதான் நினைச்சேன். ஆனா அந்த மாத்திரை எரிஞ்சுது. எரிஞ்சா மருந்துதானே, மாவு எதுக்கு எரியப்போகுது? அதான் அடுத்த மாசத்துல இருந்து நானே பாட்டிலை முன்னாடி எடுத்து வச்சேன். மூடியையும் தளர்த்தி வச்சேன். நீங்க மாத்தாம விட்டுடுவீங்களோன்னு பயம். பாப்பாவப் பெட்டியில வச்சப்ப சொல்லணும்னு இருந்துச்சு. முடியல."

டாக்டரம்மா ஆராய்ச்சி நர்ஸுக்குப் போன் போட்டு, முப்பத்தொன்றும் நாற்பத்தாறும் தப்பு என்றார். மருந்துச் சீட்டை எழுதி என்னிடம் நீட்டும்போது, "இதையாவது நீங்களே சாப்பிடுங்க" என்றார்.

மருந்து வாங்கிக்கொண்டு படி இறங்கினோம். திருடியது நான், பலன் அவளுக்கு. அதிலும் திருடுகிறவளுக்கே கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். ஒரே மருந்துக்கு ஒரே எரிச்சல்தான் எங்கள் இருவருக்கும். அதைச் சரியாகப் படித்தவள் அவள். பாவம் செய்வதில்கூட அவளுக்கு என்னைவிடத் தெளிவு இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது. சரி, இரண்டாவது குழந்தையிலாவது நான் முந்திவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசிப் படியில் அவள் நின்றாள். "அக்கா, யாருகிட்டயும் இன்னும் சொல்லல. எனக்கும் நாள் தள்ளிப்போயிருக்கு."

நான் பாட்டிலைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.